பனிக்கட்டி மேல் ஒரு ஆட்டம்: கேள்விப் பெட்டியில் விழுந்த கேள்விகள்



போன சுவரிதழில் ஓரமா ஒரு படம் வரைந்திருந்தேன், ஞாபகம் இருக்கா? ஒரு பொண்ணு ஒத்தக் கால்ல நின்னு, இன்னொரு காலைத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சிருக்கும். கீழே "இதுதான் ஃபிகர் ஸ்கேட்டிங்" என்று நாலு வரி மட்டும் எழுதினேன். அக்கா போனில் பார்த்துவிட்டு ஆசையில் வரைந்தது. அதற்கு இவ்வளவு கேள்வி வரும் என்று நான் நினைக்கவே இல்லை. நூலக அலமாரி பக்கத்தில் இருக்கும் பெட்டியைத் திறந்தால் 23 சீட்டு! அதில் நாலு சீட்டு என் கையெழுத்தைக் கிண்டல் பண்ணி எழுதியது. அவற்றுக்குப் பதில் கிடையாது. மற்றதுக்கெல்லாம் கம்ப்யூட்டர் டீச்சரிடம் அனுமதி வாங்கி, மூணு வாரம் மதிய இடைவேளையில் தேடிப் படித்து எழுதியிருக்கிறேன். எழுத்து சின்னதாகத்தான் இருக்கும், அட்டையில் இடம் இல்லை. பக்கத்தில் வந்து படிக்கவும். படத்தைத் தொட வேண்டாம், ஸ்கெட்ச் அழியுது.

"ஃபிகர்" என்றால் என்ன? எதுக்கு அந்தப் பேரு? (7-ஆம் வகுப்பு மாணவன்)

ஃபிகர் என்றால் இங்கே உருவம், வடிவம் என்று அர்த்தம். (நீ சினிமாவில் கேட்ட அர்த்தம் இல்லை தம்பி.) அந்தக் காலத்தில் இது தாவுற ஆட்டமே இல்லை. பனிக்கட்டித் தரையில் கால் கத்தியால் வட்டம், எட்டு என்று கோடு போடுவார்கள். போட்ட கோட்டின் மேலேயே திரும்பவும் போக வேண்டும், கோடு பிசகக் கூடாது. நடுவர்கள் பக்கத்தில் போய் குனிந்து கோட்டைப் பார்த்து மார்க் போடுவார்கள். எனக்கு இதைப் படித்ததும் மார்கழி மாதம்தான் ஞாபகம் வந்தது. எங்கள் அம்மா போடும் சிக்குக் கோலத்தில் கம்பி எங்கே ஆரம்பித்தது, எங்கே முடிந்தது என்றே தெரியாது. அதையே கையால் இல்லாமல் காலால், குனியாமல், ஓடிக்கொண்டே போடச் சொன்னால்? அதுதான் ஃபிகர்.

1972-ல் ஜப்பானில் சப்போரோ நகரில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் ஆஸ்திரியா நாட்டு பீட்ரிக்ஸ் ஷூபா என்பவர் தங்கம் வாங்கினார். நடன ஆட்டத்தில் அவர் ஏழாவது இடம்தான்! கோடு போடுவதில் எல்லாரையும் விட ரொம்ப ரொம்ப முன்னாடி இருந்ததால் ஜெயித்தார். டி.வி. பார்ப்பவர்களுக்கு நடனம்தான் தெரியும், கோடு தெரியாது. "என்னடா இது, நல்லா ஆடினவளுக்குக் கிடைக்கலையே" என்று குழம்பிப் போனார்களாம். கோடு போடுவதற்கான மதிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, 1990-க்குப் பிறகு எடுத்தே விட்டார்கள். கோலம் போச்சு, பேரு மட்டும் நின்னுருச்சு.

வழுக்கி விழ மாட்டாங்களா? கத்தி மேல எப்படி நிக்கிறாங்க? (இந்தக் கேள்வி மட்டும் ஆறு சீட்டில்)

அந்த ஷூவுக்கு அடியில் இருக்கும் பிளேடு சுமார் 4 மில்லிமீட்டர் தடிமன். நாம் நினைக்கிற மாதிரி அரிவாள் போல் ஒத்த முனை கிடையாது. நடுவில் நீளமாகச் சின்னப் பள்ளம் இருக்கும். அதனால் இரண்டு பக்கமும் இரண்டு ஓரம் வரும், உள் ஓரம், வெளி ஓரம். ஆட்டக்காரர் உடம்பைச் சாய்க்கிற பக்கத்து ஓரம் பனியைப் பிடிக்கும், வளைந்து போவார். நேராக இரண்டு ஓரத்திலும் போனால் மார்க் குறைவு. சைக்கிளைத் திருப்பும்போது நாம் சாய்கிறோமே, அதே கதைதான். பிளேடின் முன் நுனியில் தேங்காய் துருவி மாதிரி பல் பல்லாக இருக்கும். அதைக் குத்தித்தான் சில தாவல்கள்.

பனிக்கட்டி ஏன் வழுக்குகிறது என்பதை நானே சோதித்துப் பார்த்தேன். எங்கள் மாமா மீன் வியாபாரம். மீனை அடுக்க ஐஸ் பார் வாங்குவார், ஒரு பார் 50 கிலோ. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியக்காலையில் சாக்கை விலக்கிவிட்டு அதைத் தொட்டேன். அப்போதுதான் வந்த பார் என்பதால் முதலில் விரல் ஒட்டிக்கொண்டது! கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணி கசிந்த பிறகு வெறுங்காலோடு மேலே ஏறி நின்றேன். ரெண்டே நொடி. கால் சர்ருன்னு போய், மாமா தோளைப் பிடிச்சுத் தப்பிச்சேன். "ஏத்தா, அது என்ன ஊஞ்சப் பலகையா, எறங்கு" என்றார்.

கத்தி அழுத்துவதால் பனி உருகி வழுக்குகிறது என்று பழைய புத்தகங்களில் இருக்கும். அழுத்தம் மட்டும் அதற்குப் போதாது என்று இப்போது சொல்கிறார்கள். பனிக்கட்டிக்கு உள்ளே இருக்கும் மூலக்கூறுகளை எல்லாப் பக்கமும் மற்ற மூலக்கூறுகள் பிடித்திருக்கும். மேல்பரப்பில் இருப்பவற்றுக்கு மேலே பிடிக்க ஆள் இல்லை. அதனால் அவை இறுக்கமாக இல்லாமல் கிட்டத்தட்டத் தண்ணீர் மாதிரி தளர்ந்து கிடக்கும், பூஜ்யம் டிகிரிக்குக் கீழேயும்கூட. மைக்கேல் ஃபாரடே 1850-லேயே இப்படி ஒரு படலம் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். மின்சாரப் பாடத்தில் வருவாரே, அதே ஃபாரடேதான். கத்தி உரசுகிற சூடும் கொஞ்சம் சேர்ந்துகொள்ளும்.

அறிவியல் போதும், கணக்குக்கு வருவோம். போட்டி நடக்கும் தளம் 60 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், அதாவது 1,800 சதுர மீட்டர். பெண்கள் கபடி ஆடுகளம் 12-க்கு 8, மொத்தம் 96. வகுத்துப் பார்த்தால் 18 கபடி ஆடுகளத்துக்கு மேல் வருது! பனி 4 சென்டிமீட்டர் தடிமன் என்று வைத்துக்கொண்டால், மாமா கடைக்கு வருகிற பார் 1,300-க்கு மேல் வேண்டும். ஆனால் பாரை அடுக்கி யாரும் தளம் செய்வதில்லை. தரைக்கு அடியில் குழாய் குழாயாகப் பதித்து, உறையாத குளிர் திரவத்தை ஓட விட்டு, மேலே தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி உறைய வைப்பார்கள். பெரிய ஃப்ரிட்ஜ் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் குளிர் நாடாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை, கரண்டு இருந்தால் போதும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசிக் கேள்விக்கு வேணும்.

அவ்வளவு வேகமாச் சுத்துறாங்களே, தலை சுத்தாதா?

நாம் தட்டாமாலை சுற்றினாலே கிறுகிறுன்னு வந்து கீழே உட்கார்ந்துவிடுகிறோம். காதுக்கு உள்ளே அரைவட்டக் குழல்கள் மூன்று இருக்கின்றன, அதில் திரவம். நாம் சுற்றும்போது அதுவும் சுற்றும். நாம் நின்ற பிறகும் அது நிற்காமல் ஓடும். "இன்னும் சுத்துறோம்" என்று மூளைக்குப் பொய் சொல்லும், அதுதான் கிறுகிறுப்பு. ஸ்கேட்டிங் ஆடுகிறவர்களுக்கும் தலை சுற்றும், முதலில். சின்ன வயதில் இருந்து தினமும் பழகிப் பழகி மூளை அந்தப் பொய்யைக் கண்டுகொள்ளாமல் விடக் கற்றுக்கொள்கிறது.

சுற்றும்போது கையை விரித்தால் மெதுவாகவும், மார்போடு சேர்த்தால் வேகமாகவும் சுற்றுவார்கள். கால் அப்படியே இருக்கும், யாரும் தள்ளுவதும் இல்லை. எடை உடம்பின் நடுவுக்குப் பக்கத்தில் வந்தால் வேகம் கூடும், விலகினால் குறையும் என்பது இயற்பியல் விதி. இரண்டு கையிலும் தண்ணி பாட்டிலோடு சுழல் நாற்காலியில் உட்கார்ந்து சுற்றச் சொல்லி, கையை விரித்து மடக்கினால் நீங்களே பார்க்கலாம். நான் கம்ப்யூட்டர் ரூமில் பார்த்தேன். டீச்சர் பார்த்துட்டாங்க. நீங்க வீட்டுல பாருங்க.

சூர்யா என்று ஒரு ஸ்கேட்டிங் ஆட்டக்காரி இருக்காங்களாமே, தமிழா? பல்டி அடிப்பாங்களாமே?

சூர்யா பொனாலி. தமிழ் இல்லை, பிரான்ஸ் நாட்டுக்காரர், நீஸ் நகரத்தில் பிறந்தவர். ஆனால் பேரு நம்ம சூரியன்தான். 1998-ல் நாகனோ ஒலிம்பிக்கில் காயத்தோடு ஆடினார். பதக்கம் கிடைக்காது என்று தெரிந்ததும் நடுவில் பின்பக்கமாக ஒரு பல்டி அடித்து ஒத்தக் காலில் இறங்கினார். பல்டி அப்போது தடை. 1970-களிலேயே ஆபத்து என்று தடுத்திருந்தார்கள். மார்க் குறைந்து பத்தாவது இடம் வந்தார். அந்தத் தடையை 2024-25 போட்டிக் காலத்தில் இருந்து எடுத்துவிட்டார்கள். 26 வருஷம் கழிச்சு! இப்போது அதே பல்டி அடித்தால் கைதட்டு, அவருக்கு மட்டும் அன்றைக்கு மார்க் குறைப்பு. எனக்கு இது இன்னும் ஆறவில்லை.

தாவலில் எத்தனை வகை? எப்படிக் கண்டுபிடிப்பது?

முக்கியமான தாவல் ஆறு. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு ஒன்றைத்தான் கண்டுபிடிக்கத் தெரியும். அது ஆக்ஸல். மற்ற ஐந்தும் பின்பக்கமாகப் போய்க்கொண்டே எம்புவது, ஆக்ஸல் மட்டும்தான் முன்பக்கம் பார்த்து எம்புவது. இறங்குவது எல்லாமே பின்பக்கமாக, ஒத்தக் காலில். முன்னால் பார்த்து ஏறி பின்னால் பார்த்து இறங்குவதால் ஆக்ஸலில் எப்பவும் அரைச் சுற்று கூட வரும். மூன்று சுற்று ஆக்ஸல் என்றால் உண்மையில் மூன்றரை. 1882-ல் வியன்னாவில் இதை முதலில் செய்து காட்டிய நார்வேக்காரர் ஆக்ஸல் பால்சன் பேரையே வைத்துவிட்டார்கள். நாலரைச் சுற்று ஆக்ஸலை யாராலும் முடியாது என்றே பல வருஷம் நினைத்தார்கள். 2022 செப்டம்பரில் அமெரிக்காவில் ஒரு போட்டியில் இலியா மலினின் அதைச் சுத்தமாகச் செய்தார், அப்போது வயது 17. ஒரு நொடிக்கும் குறைவான நேரம்தான் ஆள் காற்றில் இருப்பார். அதற்குள் நாலரைச் சுற்று. "ஒண்ணு" என்று சொல்லி முடிக்கிறதுக்குள்ள!

"ஏத்தா, இந்தப் பிள்ளை அந்தக் குளிருல என்னத்த உடுத்தியிருக்கு?" (எங்க அப்பத்தா. பெட்டியில் போடவில்லை, நேரில் கேட்டது)

அப்பத்தாவுக்குச் சொன்ன பதில்: அது வெறும் தோல் இல்லை அப்பத்தா, தோல் நிறத்தில் வலைத்துணியும் காலுறையும் போட்டிருக்காங்க. ஆடுகிற சூட்டில் குளிர் அவ்வளவாகத் தெரியாது. "என்னமோ, ஒரு சொட்டர் போட்டா என்ன" என்று முடித்துவிட்டது.

ஆனால் இந்த உடைக் கேள்வியைத் தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரையிலேயே எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் கிடைத்தது.

1902-ல் லண்டனில் உலகச் சாம்பியன் போட்டி நடந்தது. அதுவரை ஆடியவர்கள் எல்லாம் ஆண்கள். மேட்ஜ் சையர்ஸ் என்ற இங்கிலாந்துப் பெண் பேர் கொடுத்தார். அதிகாரிகள் விதிப் புத்தகத்தைப் புரட்டினார்கள். பெண்கள் ஆடலாம் என்றும் எழுதவில்லை, கூடாது என்றும் எழுதவில்லை! பெண் வந்து கேட்பாள் என்று யாரும் யோசிக்கவே இல்லை போல. வேறு வழி இல்லாமல் ஆட விட்டார்கள். ஒருவரைத் தவிர மற்ற எல்லா ஆண்களையும் தாண்டி இரண்டாவது இடம். முதலிடம் ஸ்வீடனின் உல்ரிக் சால்கோவ். அவர் உலகப் பட்டத்தைப் பத்து முறை வென்றவர், ஒரு தாவலுக்கே அவர் பேர்தான். அப்படிப்பட்டவருக்கு அடுத்த இடம்!

அதுக்கப்புறம் என்ன செய்தார்கள் தெரியுமா? பெண்கள் கூடாது என்று விதியே எழுதிவிட்டார்கள். சொன்ன காரணங்களில் ஒன்று, நீளப் பாவாடை காலை மறைக்கிறது, நடுவருக்குப் பாதம் தெரியவில்லை என்பது. மேட்ஜ் பாவாடையைக் கெண்டைக்கால் வரை குட்டையாக்கிக்கொண்டு ஆடினார். 1906-ல் பெண்களுக்குத் தனிப் போட்டி வந்தது. அந்த வருஷமும் அடுத்த வருஷமும் அவரே ஜெயித்தார். 1908 லண்டன் ஒலிம்பிக்கில்தான் முதன்முதலாக ஃபிகர் ஸ்கேட்டிங் சேர்ந்தது, அதிலும் பெண்கள் தங்கம் அவருக்கே.

பிற்பாடு எல்லாம் தலைகீழ். பெண்கள் பாவாடைதான் போடணும், பேன்ட் போடக் கூடாது என்று விதி வந்தது. 2004-ல்தான் அதை எடுத்தார்கள். ஐக்கிய அரபு நாட்டைச் சேர்ந்த ஜாரா லாரி என்ற பெண் 2012-ல் இத்தாலியில் தலையில் ஹிஜாப்போடு ஆடினார். முக்காடுக்காக மார்க் குறைத்தார்கள். அவர் தரப்பில் எடுத்துச் சொல்லிக் கேட்ட பிறகு, இப்போது அதற்கு மார்க் குறைப்பது இல்லை. எங்கள் வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் தோழி இதை மட்டும் இரண்டு முறை சத்தமாகப் படிக்கச் சொன்னாள்.

இதில் எங்கள் கதை கொஞ்சம். 8-ஆம் வகுப்பு வரை விளையாட்டுப் பிரிவேளையில் நாங்களும் ஓடினோம். 9-ஆம் வகுப்பு வந்ததும் பொண்ணுங்க வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து ரெக்கார்டு நோட்டில் படம் வரைகிறோம். யாரும் "விளையாடாதே" என்று சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. மேட்ஜ் சையர்ஸ் கதை படித்த மறுநாள் பி.இ.டி. சாரிடம் போய், "சார், பொண்ணுங்க கிரவுண்டுல எறங்கக் கூடாதுன்னு விதி இருக்கா சார்?" என்று கேட்டேன். சார் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "அப்படி ஒண்ணும் இல்லையேம்மா. நீங்கதான் வர்றதில்ல" என்றார். எங்களுக்குச் சிரிப்பு ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம். அடுத்த வாரம் கயிறு கட்டி, த்ரோபால் ஆட ஏழு பேர் இறங்கினோம். பசங்க ஒரு மூலையைத்தான் விட்டுக் கொடுத்தார்கள். மூலை போதும், இப்போதைக்கு.

ஆடும்போது விழுந்துட்டா அவுட்டா?

இல்லை! எழுந்து ஆட வேண்டியதுதான், பாட்டு நிற்காது. விழுந்தால் மொத்தத்தில் 1 புள்ளி கழிப்பார்கள். (பெரியவர்கள் போட்டியில் மூன்றாவது, நான்காவது விழுகைக்கு இரண்டிரண்டு, அதுக்கு மேல் மூன்று.) அதோடு அந்தத் தாவலின் தரமும் குறையும். கணக்குப் பாருங்கள். ஒவ்வொரு தாவலுக்கும் அடிப்படை மதிப்பு உண்டு. மூன்று சுற்று ஆக்ஸல் 8.0. ஒன்பது நடுவர்கள் அது எப்படி இருந்தது என்று -5 முதல் +5 வரை கொடுப்பார்கள். அதில் அதிகபட்சம் ஒன்றையும் குறைந்தபட்சம் ஒன்றையும் நீக்கிவிட்டு மற்றவற்றின் சராசரி. விழுந்தால் -5, அதாவது பாதி போய்விடும். மிச்சம் 4, விழுந்ததற்கு 1 கழித்தால் 3. இரண்டு சுற்று ஆக்ஸலை விழாமல் செய்தால் 3.3. ஆக, பெருசா முயற்சி பண்ணி விழுந்தவருக்கும், சின்னதா ஒழுங்காச் செய்தவருக்கும் வித்தியாசம் 0.3 தான். இது நியாயமா, இல்லையா? கணக்கு டீச்சர் "நியாயம்" என்கிறார். எனக்கும் அப்படித்தான் தோணுது. என் தோழிக்கு இல்லை.

முன்பு 6.0-க்கு மார்க் போடும் முறை இருந்தது. 2002-ல் அமெரிக்காவில் சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்கில் ஜோடி ஆட்டத்தில், தன்னை ஒரு பக்கமாக ஓட்டுப் போடச் சொல்லி அழுத்தம் கொடுத்தார்கள் என்று ஒரு நடுவரே சொல்லி, பெரிய ரகளை. கடைசியில் இரண்டு ஜோடிக்குத் தங்கம் கொடுத்துச் சமாளித்தார்கள். அதன் பிறகு 2004-ல் வந்ததுதான் இந்தக் கூட்டல் கழித்தல் முறை.

ஜப்பானின் யுசுரு ஹன்யு 2014 சோச்சி ஒலிம்பிக்கில் இரண்டு முறை விழுந்தும் தங்கம் வாங்கினார். அவர் கதையே தனி. 2011 மார்ச் 11-ல் ஜப்பானில் பூகம்பம் வந்தபோது செண்டாய் நகரத்துத் தளத்தில் பழகிக்கொண்டிருந்தார். தரை ஆடவும் கால் ஷூவைக்கூடக் கழற்றாமல் வெளியே ஓடினார். அப்போது வயது 16. மூன்றே வருஷத்தில் ஒலிம்பிக் தங்கம், 2018-ல் இன்னொன்று. அமெரிக்காவின் நேதன் சென் 2018-ல் முதல் ஆட்டத்தில் சொதப்பி 17-வது இடம். இரண்டாவது ஆட்டத்தில் எல்லாரையும் விட அதிக மார்க் எடுத்து மொத்தத்தில் ஐந்தாவது வந்தார். 2022-ல் தங்கம்.

பழகும்போது எப்படி விழாமல் இருக்கிறார்கள் என்றால், விழத்தான் செய்கிறார்கள், தினமும். சிலர் உடைக்குள்ளே இடுப்பில் மெத்தை வைத்துக்கொள்கிறார்கள். புதுத் தாவல் பழக, பயிற்சியாளர் தூண்டில் மாதிரி ஒரு கம்பைப் பிடித்து அதில் பட்டை கட்டி ஆளைத் தூக்கிப் பிடிப்பார். பார்க்க அச்சு அசல் மீன் பிடிக்கிற மாதிரியே இருக்கும்.

த்ரோபாலில் முதல் நாளே நான் குப்புற விழுந்தேன், முழங்காலில் தோல் போச்சு. பசங்க பக்கம் ஒரே சிரிப்பு. என் தோழி, "ஒரு பாயிண்ட் கழிச்சுக்கங்கடா, ஆட்டம் நடக்கட்டும்" என்று கத்தினாள். இப்போது எங்கள் வகுப்பில் யார் விழுந்தாலும் அதுதான் பேச்சு.

பொம்மையை ஏன் தூக்கி எறிகிறார்கள்?

கோபத்தில் இல்லை, பிரியத்தில். முன்பு பூ எறிவார்கள். இதழ் உதிர்ந்து பனியில் கிடந்தால் அடுத்தவர் பிளேடு சிக்கும், அதனால் பொம்மை. ஹன்யு ஆடி முடித்தால் மஞ்சள் கரடி பொம்மை மழை மாதிரி கொட்டும். சின்னப் பிள்ளைகள் ஓடி ஓடிப் பொறுக்குவார்கள், அவர்களும் ஸ்கேட்டிங் பழகுகிறவர்கள்தான். பொம்மைகளைப் பெரும்பாலும் அந்த ஊர்க் குழந்தைகளுக்கே கொடுத்துவிடுகிறார்கள்.

எத்தனை வயசுல ஒலிம்பிக் ஆடலாம்?

1998-ல் அமெரிக்காவின் தாரா லிபின்ஸ்கி தங்கம் வாங்கியபோது வயது 15. 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ரஷ்யாவின் கமிலா வலியேவாவுக்கும் 15. என்னைவிட ஒரே ஒரு வயசு மூத்த பிள்ளை. போட்டி நடுவில், முந்தைய டிசம்பரில் எடுத்த சோதனையில் தடை செய்யப்பட்ட இதய மருந்து இருந்ததாகச் செய்தி வந்தது. உலகமே அவரைப் பார்த்துக்கொண்டிருக்க, கடைசி ஆட்டத்தில் தடுமாறி விழுந்து, அழுதுகொண்டே வெளியே வந்தார். வெளியே வந்ததும் அவர் பயிற்சியாளர் கேட்டது "ஏன் விட்டுட்டே?" என்பது போல ஒரு கேள்வி. அந்த வீடியோவை நான் ஒரு தடவைதான் பார்த்தேன். 2024-ல் அவருக்கு நாலு வருஷத் தடை என்று தீர்ப்பு வந்தது. அவர் செய்தது சரியா தப்பா என்று எல்லாரும் பேசினார்கள். 15 வயசுப் பிள்ளையைச் சுற்றி இருந்த பெரியவர்கள் என்ன செய்தார்கள் என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றியது.

அதே 2022 ஜூனில் பெரியவர்கள் போட்டிக்கான வயதை 15-ல் இருந்து படிப்படியாக 17 ஆக்க முடிவு செய்தார்கள். ஆக, என் வயசுக்கு இன்னும் மூணு வருஷம் இருக்கு!

நம்ம ஊர்ல இருந்து யாராவது ஆடியிருக்காங்களா? (6-ஆம் வகுப்புத் தங்கச்சி, பேர் எழுதவில்லை)

தங்கச்சி, உன் கேள்விக்குத்தான் ரொம்ப நாள் தேடினேன்.

மதுரையில் இருந்து எனக்கு யாரும் கிடைக்கவில்லை. இந்தியாவின் பேரில் தாரா பிரசாத் ஆடுகிறார். அமெரிக்காவில் 2000-ல் பிறந்தவர், பெற்றோர் இந்தியாவில் இருந்து போனவர்கள். 2019-ல் இந்தியக் குடியுரிமை வாங்கி, நம் நாட்டுத் தேசியச் சாம்பியனாகி, நான்கு கண்டங்கள் சாம்பியன் போட்டியில் இந்தியாவுக்காக ஆடியவர். ஸ்கோர் போர்டில் பேருக்குப் பக்கத்தில் நம்ம கொடி வரும். அதைப் பார்த்தப்ப எனக்குச் சிலிர்த்துருச்சு.

நம் நாட்டில் தளம் எங்கே? சிம்லாவில் 1920-ல் இருந்தே ஒன்று இருக்கிறது. அது இயற்கைப் பனி. ராத்திரி தண்ணீர் விட்டால் விடிவதற்குள் உறைந்துவிடும், வெயில் வந்தால் ஆட்டம் முடிந்தது. குளிர்காலம் சூடாகச் சூடாக ஆடும் நாளும் குறைந்துகொண்டே வருகிறது. டேராடூனில் 2011-ல் கட்டிய உள்ளரங்கத் தளம் பல வருஷம் மூடிக் கிடந்து, 2025-ல் திரும்பத் திறந்து, அந்த ஆகஸ்டில் ஆசிய அளவில் பனிச்சறுக்கு ஓட்டப் போட்டியே நடந்தது. மதுரைக்கும் டேராடூனுக்கும் 2,000 கிலோமீட்டருக்கு மேல்.

வெயில் ஊர் என்பது ஒரு காரணமே இல்லை. பிலிப்பைன்ஸ் நம்மைப் போல வெக்கை நாடு. மைக்கேல் மார்ட்டினெஸ் என்ற பையன் அங்கே கடை வளாகத்துக்குள் இருக்கும் தளத்தில் பழகி, 2014 ஒலிம்பிக் போனான். அவன் நாட்டில் இருந்து அந்த ஒலிம்பிக்குக்குப் போனது அவன் ஒருத்தன்தான். நம் சென்னைக்குப் பனிக்கட்டி புதுசும் இல்லை. கரண்டு இல்லாத காலத்திலேயே அமெரிக்காவில் ஏரிப் பனியை வெட்டிக் கப்பலில் கொண்டுவந்தார்கள். அதைச் சேமிக்க 1842-ல் கடற்கரையில் கட்டிய ஐஸ் ஹவுஸ்தான் இப்போது விவேகானந்தர் இல்லம். அத்தனையும் துரைமார்கள் குடிக்கும் தண்ணிக்கு!

பனி இல்லாவிட்டால் சக்கரம் இருக்கிறது. சக்கர ஷூவில் இதே மாதிரி சுற்றித் தாவும் ஆட்டம் உண்டு. ஹைதராபாத்தின் அனூப் குமார் யாமா அதில் 2010 ஆசிய விளையாட்டில் இரண்டு வெண்கலம் வாங்கினார். சக்கர ஓட்டத்தில் நம் சென்னைப் பிள்ளைகளே இருக்கிறார்கள். 2023-ல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் 3,000 மீட்டர் தொடர் ஓட்டத்தில் வெண்கலம் வாங்கிய பெண்கள் அணியில் கார்த்திகா ஜெகதீஸ்வரனும் ஆரத்தி கஸ்தூரி ராஜும் ஆடினார்கள். ஆனந்த்குமார் வேல்குமார் 2025 செப்டம்பரில் சீனாவில் உலகச் சாம்பியன் போட்டியில் இரண்டு தங்கம் அடித்தார். அதில் ஒன்று 42 கிலோமீட்டர் மாரத்தான்! அந்த ஓட்டத்தில் உலகச் சாம்பியன் ஆன முதல் இந்தியர் அவர்தான்.

தங்கச்சி, உன் சீட்டின் பின்பக்கம் பென்சிலில் ஒரு எட்டு வரைந்திருந்தாய். அழித்து அழித்து நாலு தடவை போட்டிருந்தாய், தெரிகிறது. நீ யார் என்று சொல். வியாழக்கிழமை விளையாட்டுப் பிரிவேளை எங்களுக்கு, நீயும் டீச்சரிடம் கேட்டுவிட்டு வா. மூலையில் இடம் இருக்கு.

மற்றவர்கள் புதுக் கேள்விகளைப் பெட்டியில் போடலாம். எதிர்பாராத பரிசாக ஒரு சீட்டில் "ஹாக்கி பந்து ஏன் பனியில் தட்டையா இருக்கு?" என்று வந்திருக்கிறது. அது அடுத்த இதழில். என் கையெழுத்தைப் பற்றிய சீட்டுகள் போதும்.

– 9-ஆம் வகுப்பு மாணவி